தெய்வத்துக்கு எதற்குக் கூரை?

கோயில் கூரை ஒழுகிச் சாமி நனைந்தால் அது குற்றம். கூரையே இல்லாத சாமியின் தலையில் மழை கொட்டினால் அது அபிஷேகம். இலங்கை மலையகத்தில், நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இரண்டையும் ஒரே மேட்டில் பார்க்கலாம். தகரக் கூரைக்குள் மாரியம்மன்; சற்றுத் தள்ளி, மரத்தடியில், மேல்மூடி எதுவும் இல்லாமல் முனியாண்டி. அம்மன் கோயிலின் தகரம் துருவேறி ஓட்டை விழுந்து, அதைப் பிரித்துவிட்டு நடுவில் கண்ணாடி வைத்த கூரை போடலாமா என்று பேச்சு எழும்போது, அது கட்டட வேலையோடு நின்றுவிடுவதில்லை. கூரையை மாற்றினால் கோயில் பழைய கோயிலாகவே இருக்கிறதா? கண்ணாடி வழியாக வானம் தெரிந்தால், தெய்வம் கூரைக்குள் இருப்பதாகக் கொள்வதா, வானத்தின் கீழ் இருப்பதாகக் கொள்வதா? இவை சமயக் கேள்விகள். ஆகமங்களிலும் நாட்டார் வழிபாட்டிலும் இவற்றுக்கு விடைகள் உண்டு. ஆனால் அவை ஒரே விடைகள் அல்ல.

மலையகத்தில் கூரை சீக்கிரம் கெடும். ஹட்டனுக்கு அருகே வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் பனிமூட்டமும் குளிரும் தகரத்தை உலரவிடுவதில்லை. மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று செப்டெம்பர் வரை மேற்குச் சரிவை நனைத்துக்கொண்டே இருக்கும். துரு முதலில் ஆணி அடித்த இடத்தில் பிடிக்கும். பிறகு தகரத்தின்மேல் தகரம் ஏறும் விளிம்பில். தார் பூசியும், கல் ஏற்றி வைத்தும், பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தியும் சில வருடங்களை ஓட்டலாம். அதற்குப் பிறகு பிரித்தே ஆகவேண்டும்.

இந்தக் கோயில்கள் கூரையோடு பிறந்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும், 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின் தேயிலைக்கும், திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் தங்கள் தெய்வங்களையும் கொண்டுவந்தார்கள். ஊர்ச்சாமியின் இடத்திலிருந்து பிடிமண் எடுத்து வந்து புது இடத்தில் வைப்பது தமிழகக் கிராமங்களில் பழகிய வழக்கம். பிடிமண்ணுக்குக் கூரை தேவைப்படவில்லை. ஒரு கல், ஒரு சூலம், ஒரு மரம் போதும். பின்னால் பெரிய கங்காணியின் செல்வாக்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் சேர்ந்த இடங்களில் அம்மனுக்கு நான்கு தூண் எழுந்தது. அதன்மேல் ஏறியது தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்கு வந்த அதே நெளிதகரம். சாமியும் சனமும் ஒரே தகரத்தின் கீழ் மழையைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. சிமெந்துக் கருவறை, விமானம், கோபுரம், சுதைச் சிற்பங்கள் எல்லாம் பெரும்பாலும் பின்னர் வந்தவை. பல தோட்டங்களில் கருவறை மட்டும் சிமெந்தாகி, முன்மண்டபம் இன்னும் தகரத்தோடு நிற்கிறது.

எல்லாச் சாமியும் உள்ளே போகவில்லை. தேயிலைத் தொழிலே பெற்றெடுத்த தெய்வங்கள் சில உண்டு: கொழுந்து அரைக்கும் ஸ்டோரின் சக்கரங்களுக்குக் காவலான ரோதைமுனி, செடி வெட்டும் பருவம் தொடங்கும்போது கும்பிடப்படும் கவ்வாத்துச்சாமி, கொழுந்துச்சாமி. இவர்களின் இடம் மலையிலும் பாதையோரத்திலும் தொழிற்சாலை வாசலிலும்தான். வேலை நடக்கும் இடத்தைக் காக்கிற தெய்வத்தைக் கூரைக்குள் உட்காரவைத்தால் அது காவலாகாது என்பது இவ்வழிபாட்டில் யாரும் எழுதிவைக்காத விதி.

ஆகமம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. அதற்குக் கோயில் ஓர் உடல். விமானத்தை அது அடி, உடல், தோள், கழுத்து, தலை, முடி என ஆறு அங்கமாகப் பிரிக்கிறது; கூரை என்று நாம் சொல்வது அங்கே தலையும் முடியும் ஆகும். விமானமும் கோபுரமும் ஸ்தூலலிங்கம் என்று போற்றப்படுவதால், உள்ளே போக முடியாதவர் வெளியே நின்று அதைக் கும்பிட்டாலே வழிபாடு நிறைவேறிவிடுகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் கடைசிச் சூத்திரத்தில், அடியாரின் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழவேண்டும் என்று முடிகிறது. இந்த எண்ணம் மிக விரிவாகக் கட்டப்பட்ட இடம் சிதம்பரம். பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் என்பது மரபு. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று கணக்கிட்டால் ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சு அது. ஓடுகளைப் பிணைக்கும் 72,000 ஆணிகள் உடலின் நாடிகள். அந்தக் கூரையின் கீழ் நிற்பவர், இந்தக் கணக்கின்படி, ஒரு மனிதனுக்குள்ளேயே நிற்கிறார்.

உடல் என்றால் அது நோய்ப்படும். இடிந்த சுவர், வெடித்த விமானம், ஒழுகும் மேல்தளம் ஆகியவற்றை ஆகமம் வெறும் பழுதாக எடுத்துக்கொள்வதில்லை. ஊருக்கும் ஆள்பவருக்கும் கேடு தரும் தோஷம் என்கிறது. அதனால்தான் ஜீரணோத்தாரணம், அதாவது பழுதுற்றதை மீட்டெடுத்தல், தனி விதியாகச் சொல்லப்பட்டது. காமிகாகமம் அதைப் பேசுகிறது. சிற்ப நூலான மயமதமும் பேசுகிறது. வேலை தொடங்குமுன் மூலவரின் ஆற்றலைக் கும்பத்துக்கு ஏற்றி, பெரும்பாலும் அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றி, தனியிடத்தில் பாலாலயம் அமைத்து அங்கே பூசை தொடரும். திருப்பணி முடிந்ததும் ஆற்றல் மூலவருக்குத் திரும்ப, குடமுழுக்கு நடக்கும். புதிதாக எழுப்பிய கோயிலுக்குச் செய்வது ஆவர்த்தம், பழையதைப் புதுப்பித்த பின் செய்வது புனராவர்த்தம் என்று அதற்குப் பெயர்கூட வேறு.

முன்மண்டபத் தகரத்தை மாற்ற இவ்வளவும் வேண்டுமா என்பது நியாயமான ஐயம். கருவறையும் விமானமும் மூலவரும் தொடப்படாதபோது வேலையின் அளவுக்கேற்ற சிறிய பரிகாரமே போதும் என்று பல குருக்கள்மார் சொல்வார்கள். அது அறிவுக்கும் பொருந்துகிறது. மண்டபம் கூடுவோருக்கானது, கருவறை குடியிருப்பவருக்கானது. இரண்டையும் ஒரே சட்டத்தில் அடைத்தால், ஓர் ஓட்டையை அடைக்கவும் பணமில்லாத தோட்டக் கோயில் பாலாலயச் செலவுக்கு அஞ்சி இன்னும் பத்து வருடம் ஒழுகவிடும். அப்பர் கையில் உழவாரப்படையோடு ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கியதற்கு எந்த யாகமும் முன்னால் நடக்கவில்லை.

அடுத்த கேள்வி பழையது, எல்லா நாட்டிலும் கேட்கப்பட்டது. பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எஞ்சுவது அதே பொருளா? கிரேக்கர்கள் இதைத் தீசியஸ் என்ற வீரனின் கப்பலை வைத்துக் கேட்டார்கள். புளூட்டார்க் அதைப் பதிவுசெய்தார். பௌத்தர்கள் தேரை வைத்துக் கேட்டார்கள். மிலிந்த மன்னனிடம் நாகசேனர், சக்கரமா தேர், அச்சா தேர், நுகமா தேர் என்று அடுக்கி, தேர் என்பது பாகங்களின் கூட்டுக்கு நாம் வைத்த பெயர் மட்டுமே என்ற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார். நியாய மதத்தினர் மறுப்பார்கள்: அவயவங்களுக்கு அப்பால் அவயவி என ஒரு முழுமை உண்மையிலேயே உண்டு என்பது அவர்கள் கட்சி. அப்படியானால் ஒரு தகரத்தை மாற்றியதுமே பழைய முழுமை போய்ப் புதிய முழுமை பிறந்துவிட்டது என்ற சங்கடமும் அவர்களுடையதே.

சைவ மரபு இந்தச் சண்டைக்குள் அதிகம் நுழையவில்லை; நுழையத் தேவையும் இல்லை. அதன் கணக்கில் கோயிலைக் கோயிலாக்குவது கல்லோ மரமோ அல்ல, அங்கே எழுந்தருளச் செய்யப்பட்ட இருப்பு. இருப்பை அத்திப் பலகைக்கு மாற்றிவிட்டால் கல் வெறும் கல்; திரும்ப ஏற்றினால் மறுபடியும் மூலவர். ஜப்பானில் இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கொரு முறை முழுவதுமாகப் புது மரத்தில் கட்டுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆம் முறை. அதை யாரும் 62ஆவது கோயில் என்று எண்ணுவதில்லை. தமிழ்நாட்டில் இதைவிடத் துணிந்த ஒரு கதை இருக்கிறது. திருநின்றவூர்ப் பூசலார் பொருள் கிடைக்காமல் மனத்துக்குள்ளேயே அடித்தளம் முதல் கலசம் வரை கோயில் கட்டினார். காஞ்சியில் காடவர்கோன் கல்லால் கட்டிய கோயிலின் குடமுழுக்கு நாளையே மாற்றச்சொல்லி இறைவன் பூசலார் கோயிலுக்குப் போனார் என்கிறது பெரியபுராணம். ஓட்டை விழ ஓர் ஓடுகூட இல்லாத கோயில் அது. சேக்கிழார் அதைக் கோயிலாகவே கருதினார் என்றால், தகரமா கண்ணாடியா என்பதில் கோயிலின் தன்மை மாறப்போவதில்லை.

தன்மை மாறாவிட்டாலும் ஒளி மாறும். கண்ணாடிக் கூரையைப் பற்றிய உண்மையான விவாதம் அங்கேதான் இருக்கிறது. கருவறை என்ற பெயரே கருப்பையைக் குறிக்கிறது. அதற்குச் சாளரம் வைப்பதில்லை. வெளிச்சம் வாசல் வழியாகவும் விளக்கு வழியாகவும் மட்டும் வரவேண்டும். இருட்டில் நிற்பவருக்குக் கற்பூர ஒளியில் முகம் ஒரு கணம் தெரிந்து மறைவதுதான் தரிசனத்தின் நாடகம். வடலூரில் வள்ளலார் 1872இல் தொடங்கிய சத்திய ஞான சபை உருவத்தை விட்டு ஒளியையே வழிபாட்டுக்கு வைத்தது; ஆனால் அந்த ஒளியும் ஏழு திரைகளுக்குப் பின்னால்தான். ஒளியைப் போற்றியவரே அதை எப்போதும் திறந்துவைக்கவில்லை. ஆகவே கருவறைக்கு மேல் கண்ணாடி என்பது, எவ்வளவு அழகாகச் செய்தாலும், மரபின் இலக்கணத்துக்கு வெளியே போய்விடுகிறது. முன்மண்டபத்தில் அந்தத் தடை இல்லை.

கண்ணாடிக் கூரை மலையகத்துக்குப் புதியதல்ல, தமிழருக்குத்தான் புதியது. வெள்ளைக்காரத் துரைமார் குளிருக்கும் பூச்செடிக்கும் கண்ணாடி அறைகளைப் பங்களாவோடு ஒட்டிக் கட்டிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் கோழிக்கூட்டை வெளிச்சக்கூடமாக மாற்றி, அதைத் தன் கண்ணாடி வீடு என்று அழைத்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார்; இங்கே தோட்டத் தமிழர்களையும் படமெடுத்தார். 1879இல் இறந்து பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கமானார். டிக்கோயாவில் 1878இல் கட்டப்பட்ட வார்லி தேவாலயத்தில் வெளிச்சம் வண்ணக் கண்ணாடி வழியாக உள்ளே வருகிறது. கிறித்தவக் கட்டடக்கலை வெளிச்சத்தை இறைவனின் சாயலாக எடுத்துக்கொண்டதால் சன்னலைப் பெரிதாக்கியது. கருவறையோ இறைவனை உள்ளே வைத்ததால் இருட்டைக் காத்தது.

இன்று பேசப்படும் அமைப்பு எளிது. மண்டபத்தின் நடுவே திறப்பு விட்டு, அதைச் சுற்றி இரும்பு அல்லது அலுமினியச் சட்டம் எழுப்பி, மேலே சரிவாகக் கண்ணாடி வேய்ந்த ஓர் உயர்ந்த கூடு. பகலில் மின்விளக்கு வேண்டாம்; கும்பிட வந்தவர் முகம் ஒருவருக்கொருவர் தெரியும். தொல்லைகளும் உண்டு. கற்பூரப் புகையும் எண்ணெய்ப் புகையும் கண்ணாடியின் அடிப்பக்கத்தைக் கறுப்பாக்கும், ஏறித் துடைக்க வழி வைக்காவிட்டால் சில திருவிழாவுக்குள் பழைய இருட்டே திரும்பிவிடும். செலவைக் குறைக்கப் போடும் பிளாஸ்டிக் தகடு வெயிலில் மஞ்சளிக்கும். உடைந்தால் துண்டுகள் கீழே சிதறாத ஒட்டுக்கண்ணாடியே கூட்டம் நிற்கும் இடத்துக்கு ஏற்றது. எல்லாவற்றையும்விட மலையகக் குளிரில் பெரிய தொல்லை, மழையே இல்லாத நாளிலும் கண்ணாடியின் உட்புறம் வியர்ப்பது. நூறு பேர் மூச்சும் பொங்கல் அடுப்பின் ஆவியும் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகித் துளித்துளியாகக் கீழே விழும். போதிய சரிவும், சட்டத்தின் ஓரத்தில் நீரை வாங்கி வெளியேற்றும் வாய்க்காலும், காற்றுப்போக்கும் வைத்தால் இது அடங்கும். வைக்காவிட்டால் ஓட்டையே இல்லாத கூரையும் ஒழுகும்; அப்படிச் சொட்டும் நீர் அபிஷேகமா தோஷமா என்று குருக்களிடம் கேட்கவேண்டி வரும்.

அந்தக் கேள்வி வேடிக்கையானதல்ல. முனியாண்டியின் தலையில் விழும் மழையும் ஓட்டைத் தகரம் வழியாக அம்மன்மேல் விழும் மழையும் ஒரே மேகத்தின் மழை. ஒன்று வழிபாடாகவும் மற்றது குற்றமாகவும் ஆவதற்குக் காரணம் நீரில் இல்லை, மனிதர் செய்த ஏற்பாட்டில் இருக்கிறது. கூரை போட்டவர் காப்பதாக வாக்குக் கொடுத்தவர். ஒழுகல் அந்த வாக்கின் முறிவு. சோழர் காலக் கல்வெட்டுகளில், தான் செய்த தருமத்தைப் பின்னால் காப்பவரின் பாதம் தன் தலைமேல் என்று கொடையாளர் எழுதிவைப்பதும் இதே அச்சத்தால்தான்: கட்டுவது ஒருநாள் வேலை, கட்டியதைக் காப்பது வருகிறவர்களின் கடன். கூரையில்லாத சாமிக்கு அந்த வாக்கு கொடுக்கப்படவே இல்லை. அதனால் முறியவும் இல்லை.

இதை வைத்துப் பார்த்தால் கண்ணாடி எந்தப் பக்கம் என்பது தெளிவாகிறது. ரோமில் பந்தியன் கோயிலின் குவிமாட உச்சியில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டத் திறப்பு இருக்கிறது. அதில் கண்ணாடி இல்லை, மழை நேராக உள்ளே விழுந்து தரையின் துளைகள் வழியே வடிகிறது. அது திறப்பு. கண்ணாடிக் கூடு அப்படிப்பட்டதல்ல. அது வானத்தைக் காட்டும். மழையையும் காற்றையும் தடுக்கும். காப்பதாகச் சொல்லும் எல்லாமே கூரைதான், கண்ணுக்குத் தெரிகிறதா என்பது பொருட்டில்லை. எனவே மண்டபத்துத் தகரத்துக்குப் பதில் கண்ணாடி வைப்பது ஒரு கூரைக்குப் பதில் இன்னொரு கூரை. சமய நெறியில் தடையேதும் இல்லை. முனியாண்டிக்கு மேலே, மழையில் நனைகிறாரே என்ற இரக்கத்தில், வானம் தெரிகிறதுதானே என்ற சமாதானத்தோடு கண்ணாடி போடுவது வேறு காரியம். அது அவரை உள்ளே கொண்டுவந்துவிடுகிறது.

திறந்த வானத்தைத் தானே கேட்டு வாங்கிய தெய்வம் ஒன்று உண்டு. திருச்சி உறையூர் வெக்காளியம்மன் கருவறைக்கு மேலே கூரை இல்லை. சாரமா முனிவரின் நந்தவனப் பூக்களை அரசன் தனக்கு எடுத்துக்கொண்ட பிழைக்காக உறையூர்மேல் மண்மாரி பொழிந்தது என்கிறது தலக்கதை. வீடிழந்த மக்கள் அம்மனிடம் ஓடிவந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் வீடு அமையும்வரை தானும் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் இருப்பதாக அவள் சொன்னாள். இன்றும் அங்கே சுற்று மண்டபங்களுக்குக் கூரை உண்டு, அம்மனுக்கு இல்லை. கூரையின்மை இங்கே வறுமையோ விதிமீறலோ அல்ல, ஒரு நிபந்தனை.

அந்த நிபந்தனையை, திருச்சிப் பக்கத்திலிருந்தும் மக்கள் வந்து குடியேறிய மலையகத்தில் வைத்துப் படித்தால் அது கதையாக மட்டும் நிற்பதில்லை. லயத்துக் காம்பரா என்னும் அறை 10 அடிக்கு 12 அடி. முதுகோடு முதுகு ஒட்டிய லயங்களில் பின்சுவரில் சன்னலுக்கே இடமில்லை. வெளிச்சம் முன்திண்ணையான இஸ்தோப்புப் பக்கத்து வாசலில் மட்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. லயத்தின் தகரம் ஒவ்வொரு கைமாற்றத்திலும் யாரோ ஒருவர் மாற்றவேண்டிய தகரமாகவே இருந்தது. தனி வீடு, ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு எழுந்து, இந்திய உதவியில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் திட்டமாயின. லயங்கள் இன்னும் இருக்கின்றன. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததில், தகரமா கண்ணாடியா என்ற கேள்விக்கு முன்னே நிற்கும் கேள்வி எது என்று தெரிந்தது.

சாமிக்கு முதலில் கூரையா, சனத்துக்கா? தோட்டக் கோயில் திருப்பணிக்கு ஆகம விடை, கோயில் பழுதானால் ஊர் கெடும் என்பது. வெக்காளியின் விடை, ஊருக்கு வீடில்லாமல் தனக்குக் கூரை வேண்டாம் என்பது. இரண்டையும் சமமாக நிறுத்தி ஒதுங்கிவிட முடியாது. திருப்பணிப் பணம் பெரும்பாலும் கொழுந்துக் கூலியிலிருந்து மாதாமாதம் சேர்வது. அந்தக் கூலிக்காரரின் காம்பரா ஒழுகும்போது மண்டபத்துக்குக் கண்ணாடிக் கூடு என்பது வரிசை மாறிய செலவு. எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். லயம் கம்பனியின் கையில் இருக்கிறது, அதைத் திருத்தும் கடமையும் கம்பனியுடையது. கோயில் மட்டும்தான் மக்கள் தங்கள் விருப்பப்படி கட்டக்கூடிய, தங்களுடையது என்று சொல்லக்கூடிய கட்டடம். நூறு வருடமாகச் சொந்தக் கூரை இல்லாதவர்கள் சாமிக்காவது நல்ல கூரை போட ஆசைப்படுவதை ஆடம்பரம் என்று பெயரிட்டுத் தள்ளுவது அவசரம். மழை ஒழுகாத, வெளிச்சம் உள்ள மண்டபம் தோட்டத்தில் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் பிள்ளைகள் படிக்கவும் உதவும். அப்படிப் பயன்படுமானால் கண்ணாடிச் செலவு சனத்துக்கான செலவாகவும் கணக்கில் வரும்; விழாக்காலத்தில் மட்டும் பூட்டுத் திறக்கும் மண்டபமானால் வராது.

கடைசியாகத் தீர்க்கவேண்டியது, பிரித்த தகரத்தை என்ன செய்வது. பழுதான திருவுருவங்களுக்கு விதி தெளிவு: கல் ஆழநீருக்குள், மரம் தீயில், உலோகம் உருக்குக்கு. மண்டபத் தகரம் திருவுருவம் அல்ல, ஆனால் கோயில் சொத்து. சிவன் சொத்து குலநாசம் என்ற பழமொழிக்கு அஞ்சி அதைக் கோயிலுக்குப் பின்னால் அடுக்கித் துருவேற விடுவதும் உண்டு. பழமொழி தடுப்பது கோயில் பொருளைக் கேட்காமல் அபகரிப்பதை; விலை கொடுத்து வாங்குவதை அல்ல. நல்ல பகுதியை வெட்டியெடுத்து, கமிட்டி விலை வைத்து, லயத்தில் அதிகம் ஒழுகும் காம்பராவுக்கு முதலில் கொடுத்து, பணத்தைத் திருப்பணிக் கணக்கில் எழுதினால் போதும். விலை குறைவாக வைப்பது கமிட்டியின் உரிமை.